கைகலப்பு என்றால் கை பட்டிருக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். போன பொதுக்குழுவில் வண்டி நிறுத்தும் இடம் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு சூடாகி, இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் மற்றவர் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினார். பறிகொடுத்தவர் இவரைத் தோளில் கைவைத்துத் தள்ளினார். ஒரு நாற்காலி சாய்ந்தது. நாலு பேர் நடுவில் புகுந்து விலக்கிவிட்டோம். மொத்தமே ஒரு நிமிடம் இருக்காது.

மினிட்ஸ் நோட்டில் "உறுப்பினர்கள் இருவரிடையே கைகலப்பு ஏற்பட்டதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினேன். பிடுங்கியவர், "காகிதத்தைத்தான் தொட்டேன், ஆளைத் தொடவில்லை. இது எப்படிக் கைகலப்பு ஆகும்?" என்கிறார். தள்ளியவரோ, "கைகலப்பு என்றால் அடிதடி, நான் யாரையும் அடிக்கவில்லை" என்கிறார். சண்டை போட்ட இருவரும் இப்போது ஒற்றுமையாகி என்னோடு சண்டைக்கு நிற்கிறார்கள்.

கைகலப்பு என்ற சொல்லுக்கு எல்லை எது? அடி விழுந்தால்தான் கைகலப்பா? தள்ளினாலே போதுமா? சண்டையைக் குறிக்க நம்மிடம் இத்தனை சொல் இருக்கிறதே, இந்தக் கணக்குக்கு எது பொருந்தும்?

அரைக்கிறுக்கன்

தள்ளுமுள்ளு என்று போடுங்கள். ஒருவர் தள்ளு, இன்னொருவர் முள்ளு. யார் எது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

பழைய பேனா

செய்தி மேசையில் ரொம்பக் காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்களுக்கு எழுதி வைக்காத ஒரு படிக்கட்டு உண்டு. முதல் படி வாக்குவாதம். அது தடித்தால் வாய்த்தகராறு. கை எழுந்தால் கைகலப்பு. காயம் தெரிந்தால் அடிதடி. இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தால் மோதல். கடை அடைத்தால் கலவரம். "வாய்த்தகராறு முற்றி கைகலப்பாக மாறியது" என்ற வரியைத் தமிழ்நாட்டில் செய்தி படிக்கும் எவரும் தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். அந்த "முற்றி" என்ற சொல்லைக் கவனியுங்கள். வாய் முற்றினால்தான் கை வரும் என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. நேரே கையில் ஆரம்பிக்கும் சண்டைக்கு எங்களிடம் வரி கிடையாது.

கைகலப்புக்கு அடி விழ வேண்டிய அவசியம் இல்லை. சட்டையைப் பிடிப்பது, நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது, கையை முறுக்குவது, பொத்தான் தெறிப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டால் நாங்கள் அந்தச் சொல்லை விட்டுவிடுவோம், "தாக்குதல்" வந்துவிடும். அதனால் தள்ளியவர் சொல்வது தவறு. கைகலப்பு அடிதடிக்குக் கீழே உள்ள படி, அதுவே அடிதடி அல்ல.

அரைக்கிறுக்கன் தம்பி சொன்னது விளையாட்டு என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். தள்ளுமுள்ளுக்குக் கூட்டம் வேண்டும். டிக்கெட் வரிசை, போலீஸ் தடுப்பு, நிவாரணம் கொடுக்கும் இடம். அங்கே தள்ளுபவனுக்குத் தான் யாரைத் தள்ளுகிறோம் என்பதே தெரியாது, கோபம் கூட இருக்காது. இரண்டே பேர் நேருக்கு நேர் நின்று தள்ளிக்கொண்டால் அந்தச் சொல் ஒட்டாது.

அரைக்கிறுக்கன்

அண்ணே, குடுமிப்பிடிச் சண்டை எந்தப் படி? இன்றைக்குத் தொலைக்காட்சி விவாதத்தில் நாலு பேர் நாலு பெட்டிக்குள் உட்கார்ந்து கத்துவதைத்தான் குடுமிப்பிடிச் சண்டை என்கிறோம். குடுமியும் இல்லை, பிடிக்கக் கையும் எட்டாது.

பழைய பேனா

அதனால்தான் அதைப் படிக்கட்டில் வைக்கவில்லை. குடுமிப்பிடி, குழாயடி எல்லாம் சண்டையின் அளவைச் சொல்லும் சொற்கள் அல்ல. சண்டை போடுகிறவர்களை மட்டம்தட்டச் சொல்பவை. குழாயடிச் சண்டை என்று எழுதுகிறவர் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தவராக இருக்க மாட்டார் என்பது என் அனுமானம்.

தேன்சிட்டு

பள்ளி ஆசிரியை நான். அடி விழுந்ததா இல்லையா என்பதைவிட எனக்கு வேறு ஒரு இடம் உறுத்துகிறது. பழைய பேனா ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

கைகலப்பு என்ற சொல்லில் இரண்டு பேரும் சமம். இருவர் கையும் கலந்துவிட்டது, அவ்வளவுதான். எவர் கை முதலில் எழுந்தது, எவர் கை தடுக்க மட்டும் எழுந்தது என்பது அதில் கிடையாது. எங்கள் பள்ளியில் ஒரு பையன் தன்னைவிட ஒரு தலை குள்ளமான பையனைச் சுவரோடு சேர்த்து அழுத்தி, கன்னத்தில் அறைந்தான். சின்னவன் செய்ததெல்லாம் முகத்தை மறைத்துக்கொண்டதுதான். பதிவேட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "மாணவர்களிடையே கைகலப்பு ஏற்பட்டது." இரண்டு பெற்றோரையும் வரச்சொல்லி, இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கடிதம். சின்னவனின் அம்மா அந்த வரியைப் படித்துவிட்டு, "என் பையன் கை எங்கே டீச்சர் கலந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த வரியில் மூன்று சொல் கூட்டணி போட்டிருக்கிறது. "இடையே" என்பது இருவரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. "கைகலப்பு" பங்கைச் சமமாகப் பிரிக்கிறது. "ஏற்பட்டது" என்றதும் மழை பெய்த மாதிரி தானாக வந்து போன விஷயம் ஆகிவிடுகிறது. "அடித்தான்" என்று எழுதினால் யார், யாரை என்று இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கைகலப்பு என்று எழுதினால் ஒன்றுக்கும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை அவர்களே, உங்கள் உறுப்பினர் இருவருக்கும் அந்தச் சொல் பிடிக்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் தான் செய்தது கொஞ்சம், மற்றவர் செய்தது அதிகம் என்ற எண்ணம். உங்கள் சொல் அதைப் பாதி பாதியாகப் பிரித்துவிட்டது.

பழைய பேனா

கோபம் எதற்கம்மா, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவில் நிருபர் போன் செய்வார். ஸ்டேஷனில் இரண்டு தரப்பும் புகார் கொடுத்திருக்கும். அவன் அடித்தான் என்று இவன், இவன் அடித்தான் என்று அவன். யார் முதலில் என்பது அந்த ஸ்டேஷனுக்கே அப்போது தெரியாது. அச்சுக்குப் போக நேரம் குறைவு. அந்த இடத்தில் "இரு தரப்பினரிடையே கைகலப்பு" என்பதுதான் பொய் சொல்லாமல் எழுதக்கூடிய வரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சொல்லாக அது இருந்தால் தப்பில்லை.

சிக்கல் என்னவென்றால் தெரிந்த பிறகும் அதையே எழுதுகிறோம். பார்த்துக்கொண்டு நின்றவர்களே கூட அதை எழுதுகிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் எழுதியவர் அறையைப் பார்த்தவர்தானே? அவருக்கு அந்தச் சொல் வசதி.

இன்னொன்று. இடத்துக்கு இடம் சொல்லின் எடை மாறுவதும் உண்டு. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. மைக் உடைந்தது, எதிர்க்கட்சித் தலைவர் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். இதே காட்சி தெருமுனையில் நடந்திருந்தால் கைகலப்பு என்றோ அடிதடி என்றோ போட்டிருப்போம். சட்டமன்றம் என்றால் "அமளி". அவைக்கு என்று ஒரு மரியாதைச் சொல் வைத்திருக்கிறோம்.

புலவர் வீட்டுப் பேரன்

அமளிக்குப் பழைய இலக்கியத்தில் படுக்கை என்றும் பொருள் உண்டு என்பதை இங்கே சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

வடக்கு வீதி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பத்திரிகைகளிலும் கைகலப்பு உண்டு, ஆனால் அதுக்கு முன் படி வேறை. நீங்கள் வாய்த்தகராறு என்பதை நாங்கள் "வாய்த்தர்க்கம்" என்போம். "வாய்த்தர்க்கம் கைகலப்பாக மாறியதில்" என்றுதான் செய்தி தொடங்கும். தர்க்கம் என்றவுடன் ஏதோ நியாயம் பேசினவை மாதிரி இருக்கும். உண்மையில் ரெண்டு பேரும் தூஷணம் கதைச்சிருப்பினம்.

பேச்சில் கைகலப்பு என்று யாரும் சொல்ல மாட்டோம். "அடிபட்டவை" என்போம். ரெண்டு பெடியள் சண்டை போட்டால் "பெடியள் அடிபட்டவங்கள்". சின்னப்பிள்ளைகளிடம் "அடிபடாமல் விளையாடுங்கோ". தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் போனில் "அண்ணனும் தம்பியும் நேற்று அடிபட்டவை" என்று சொல்ல, அவர் பதறிப்போய் "ஐயோ, எந்த ஆஸ்பத்திரி, தலையில் அடியா?" என்று கேட்டார். உங்களிடம் அடிபடுவது காயம், எங்களிடம் அடிபடுவது சண்டை. யார் வென்றது என்பதைத்தான் நாங்கள் அடுத்ததாகக் கேட்போம்.

அப்புறம் "கொழுவல்". அது கைக்கு வராத சண்டை. "அவனோட கொழுவாதை" என்றால் வீணாகப் போய் மாட்டிக்கொள்ளாதே, வம்புக்குப் போகாதே. கொழுவுவது என்றால் மாட்டுவது, கோர்ப்பது. சட்டையைக் கொழுவி விடுவது போலத்தான். சண்டையை நீங்கள் "போடுகிறீர்கள்", நாங்கள் "பிடிக்கிறோம்". சண்டை பிடிக்கிறது என்பதுதான் எங்கட வழக்கு.

தேன்சிட்டு

"அடிபட்டவை" என்பதில் கூட இருவரும் சமம்தானே, வடக்கு வீதி?

வடக்கு வீதி

ஓம் அக்கா. ஆனால் ஒருவர் மட்டும் அடித்திருந்தால் அந்தச் சொல் வராது. "அவன் இவனுக்கு அடிச்சுப்போட்டான்" என்றுதான் சொல்வோம். பேச்சுத் தமிழ் இதில் ஏமாத்துவதில்லை. எழுதும்போதுதான் கலப்பு வருகுது.

எல்லைக்கல்

நான் கன்னியாகுமரி மாவட்டம். தகராறு பற்றிக் கொஞ்சம் பேசலாமா? எல்லை தாண்டி மலையாளத்தில் அதே சொல் பழுது என்ற பொருளில்தான் அதிகம் வழங்கும். பஸ் தகராறு என்றால் எஞ்சின் கெட்டுப்போய் வழியில் நிற்கிறது. டிரைவரும் கண்டக்டரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

நம்மிடமும் அந்த வாடை இருக்கத்தான் செய்கிறது. "வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணுது", "வயிறு காலையிலிருந்து தகராறு" என்கிறோமே, வயிறு யாரோடு சண்டை போட்டது?

புலவர் வீட்டுப் பேரன்

தகராறு அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. அரபியில் "தக்ரார்" என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. உருதுவில் அது வாக்குவாதம் ஆயிற்று. சொன்னதையே இவர் சொல்ல, சொன்னதையே அவர் சொல்ல, பிறகென்ன. எங்கள் வீட்டுத் தகராறுகளைக் கேட்டவர்களுக்கு இந்த வரலாற்றில் சந்தேகமே வராது. லடாய் இந்திச் சரக்கு. கலாட்டா கன்னடத்திலும் தெலுங்கிலும் உண்டு. ரகளையும் கன்னடத்தில் தொல்லை என்ற பொருளில் இருக்கிறது. அங்கே அதே பெயரில் ஒரு செய்யுள் வகையும் உண்டு என்பது வேடிக்கை. சின்னச் சண்டைக்குச் சொல் வாங்குவதில் நாம் எந்தக் காலத்திலும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

மண்வாசனை

கைகலப்பு சுத்தத் தமிழ். கலகம், கலவரம், கலாம், கலப்பு எல்லாமே "கல" என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. கலந்தால் கலகம்.

புலவர் வீட்டுப் பேரன்

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கலகம் வடமொழிக் "கலஹ". அதைக் கலத்தலோடு சேர்க்க முடியாது. ஓசை ஒத்துப்போனால் உறவு என்று எடுத்துக்கொண்டால் கலப்பையையும் சேர்க்க வேண்டி வரும். கைகலப்பு மட்டும் தெளிவு: கை, கலத்தல். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

கலாம் என்ற சொல்லை நீங்கள் எடுத்தது நல்லதாகப் போயிற்று. "துனியும் புலவியும் இல்லாயின் காமம் கனியும் கருக்காயும் அற்று" என்று ஒரு குறள் இருக்கிறது, 1306. பரிமேலழகர் துனியை முதிர்ந்த கலாம் என்றும் புலவியை இளைய கலாம் என்றும் பிரிக்கிறார். அதாவது காதலர் சண்டைக்கு இளைய, முதிர்ந்த என்று தரம். பழைய பேனா ஐயாவின் செய்தி மேசைக்கு முன்பே ஒரு படிக்கட்டு இருந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. செய்தி மேசையின் படிக்கட்டு சண்டையில் எந்த உறுப்பு இறங்கியது என்று பார்க்கிறது, வாயா, கையா, கூட்டமா என்று. குறளின் படிக்கட்டு சண்டை எவ்வளவு முற்றியது என்று பார்க்கிறது. புலவி இல்லாவிட்டால் காமம் கருக்காய், அதாவது பிஞ்சு. துனி இல்லாவிட்டால் அளவு மீறிப் பழுத்த கனி. இரண்டும் தின்ன உதவாது என்கிறார்.

தேன்சிட்டு

என்ன ஆச்சரியம், எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இன்றைக்கும் "காய்" விடுகிறார்கள், "பழம்" விடுகிறார்கள்! சண்டை என்றால் காய், சமாதானம் என்றால் பழம். குறளுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "உன்னோட காய்" என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. யார் காய் விட்டது, யாரோடு விட்டது என்று இரண்டும் அதில் வந்துவிடுகிறது. பழம் விடுவதற்கு யார் முதலில் வர வேண்டும் என்பதில்தான் அடுத்த சண்டை.

அரைக்கிறுக்கன்

மினிட்ஸில் "உறுப்பினர் அ, உறுப்பினர் ஆவோடு காய் விட்டார்" என்று எழுதினால் சங்கப் பதிவாளர் ஏற்றுக்கொள்வாரா?

கறுப்புக் கோட்டு

ஏற்றுக்கொள்ள மாட்டார். சட்டம் என்ன பார்க்கிறது என்று சொல்கிறேன். மினிட்ஸ் நோட்டு நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் கோர்ட்டுக்கு வரக்கூடிய காகிதம்.

பொது இடத்தில் இரண்டு பேரோ அதற்கு மேலோ சண்டையிட்டுப் பொது அமைதியைக் குலைத்தால் அது தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 159, 160 ஆம் பிரிவுகள். ஒரு மாதம் வரை சிறை, அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 194 ஆம் பிரிவு, அபராதம் 1,000 ரூபாய் வரை. இதில் இருவரும் குற்றவாளிகள். தேன்சிட்டு சொன்ன அந்தச் சமத்துவம் இந்த ஒரு பிரிவில் அப்படியே இருக்கிறது. சண்டை என்றாலே இரு பக்கமும் இறங்கியிருக்க வேண்டும். ஒருவர் அடித்து மற்றவர் வாங்கிக்கொண்டால் இந்தப் பிரிவு நிற்காது.

ஆனால் நடைமுறையில் சின்னச் சண்டைகளுக்கு ஸ்டேஷனில் வழக்கமாகப் போடுவது வேறு கூட்டணி. முன்பெல்லாம் 294(பி), 323, 506(1). ஆபாசமாகத் திட்டினான், காயப்படுத்தினான், மிரட்டினான். இப்போது 296(பி), 115(2), 351(2). இவை ஒவ்வொன்றிலும் செய்தவர் ஒருவர், பட்டவர் ஒருவர். சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி காகிதம் பிடுங்கியவருக்கு ஒரு தகவல். "ஆளைத் தொடவில்லை" என்பது அவர் நினைக்கும் அளவுக்குப் பலமான வாதம் அல்ல. பலத்தைப் பிரயோகிப்பது என்றால் என்ன என்று சட்டம் விளக்கும்போது (பழைய 349, புதிய 128) ஒருவரின் உடல் மட்டுமல்ல, அவர் அணிந்திருப்பதும் ஏந்தியிருப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. கையை ஓங்குவது கூட, அடி விழப்போகிறது என்ற அச்சத்தை உண்டாக்கினால், தனிக் குற்றமாகலாம். அடி விழ வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் இதெல்லாம் வழக்காகும் அளவுக்கு இல்லை, யாரும் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டாம். கை பட்டால்தான் சண்டை என்ற கோடு சட்டத்தில் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை

ஒரு கேள்வி கேட்டேன், ஒரு நூலகமே வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

தேன்சிட்டு சொன்னதை வைத்து இப்படி எழுதிப் பார்த்தேன்: "விவாதத்தின்போது ஓர் உறுப்பினர் மற்றொருவர் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினார். அவர் இவரைத் தோளில் தள்ளினார். மற்ற உறுப்பினர்கள் விலக்கிவிட்டனர். காயம் யாருக்கும் இல்லை. தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார்." இருவரிடமும் காட்டினேன்.

பிடுங்கியவர் இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதற்குக் கைகலப்பே தேவலை" என்றார்!

தேன்சிட்டு

அப்படித்தான் சொல்வார். யார் முதலில் ஆரம்பித்தது என்று இப்போது தெரிந்துவிட்டதே.

பழைய பேனா

ஹா ஹா. அந்தச் சொல் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முதலில் எதிர்த்தவரே இப்போது அதற்குள் ஓடி ஒளிகிறார்.

இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. கைகலப்பு என்ற பெயர்ச்சொல்லை வளர்த்துவிட்டு, "கைகலந்தனர்" என்ற வினையைக் கைவிட்டுவிட்டோம். "இருவரும் கைகலந்தனர்" என்றால் குறைந்தபட்சம் செய்தவர்கள் வாக்கியத்தில் நிற்கிறார்கள். "கைகலப்பு ஏற்பட்டது" என்றால் வாக்கியத்தில் ஆளே இல்லை. நடுவில் "கைகலப்பில் ஈடுபட்டனர்" என்று ஒன்று வைத்திருக்கிறோம். ஏதோ இரத்ததான முகாமில் ஈடுபட்ட மாதிரி.

அரைக்கிறுக்கன்

"கைகலந்தனர்" என்று இன்றைக்கு எழுதினால் படிக்கிற பையன் கூட்டணி அமைந்துவிட்டது என்று நினைப்பான். கைகோத்தனர், கைகுலுக்கினர், கைகொடுத்தனர், கைகலந்தனர். முதல் மூன்றும் தேர்தலுக்கு முன்னால், கடைசி தேர்தலுக்குப் பின்னால்.

எல்லைக்கல்

வம்பு என்ற சொல்லை யாரும் தொடவில்லையே? சின்னச் சண்டைக்கு அதைவிட நல்ல சொல் ஏது? வம்புக்கு இழுக்கிறான், வம்பு பண்ணுகிறான், வீண் வம்பு. அதில் யார் ஆரம்பித்தது என்பது தெளிவாகத் தெரியும். சும்மா இருந்தவனை இவன்தான் இழுத்தான்.

புலவர் வீட்டுப் பேரன்

"வம்பு நிலையின்மை" என்கிறது தொல்காப்பிய உரியியல். நிலையாக இல்லாதது. குறுந்தொகையில் ஒரு பாட்டு, 66 ஆம் பாட்டு. தலைவன் கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். மழை பெய்கிறது, கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். தோழி என்ன சொல்கிறாள் தெரியுமா? இது கார்காலமே இல்லை, "வம்ப மாரி", காலம் தவறிப் பெய்த மழை. அதைக் கார் என்று நம்பிய கொன்றைதான் மடமை உடையது என்கிறாள். காலமில்லாக் காலத்தில் வருவது வம்பு. சண்டைக்கு அந்தச் சொல் எப்படிப் போயிற்று என்பதற்கு நான் சான்று காட்டப் போவதில்லை. ஆனால் வம்புக்கு இழுப்பவன் எப்போதும் காலம் தவறித்தான் வருகிறான் என்பதை என் அண்டை வீட்டை வைத்து நிரூபிக்க முடியும்.

பூசலும் இப்படித்தான் இடம் மாறியது. "வாடுதோட் பூசல்" என்று குறள் 1237 இல் வரும்போது அது தோள் மெலிந்ததால் எழும் ஆரவாரம். இன்றைக்கு "உட்கட்சி" என்று ஒரு முன்னொட்டு இல்லாமல் பூசலைப் பார்க்கவே முடிவதில்லை.

பழைய பேனா

கோஷ்டியை விட்டுவிட்டீர்களே. வைணவக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குழு கோஷ்டி. பத்திரிகையில் கோஷ்டி என்றால் பின்னாலேயே மோதல் வரும்.

கணக்குப்பிள்ளை

கடைசியாக ஒரு சந்தேகம், இது எங்கள் தலைவருடையது. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இல்லை, ஆனால் அப்படி நினைத்துக்கொள்பவர். "கைக்கலப்பு" என்று க் போட்டிருக்க வேண்டும், நீ பிழையாக எழுதியதால் அந்தப் பதிவே செல்லாது என்கிறார். க் வருமா?

புலவர் வீட்டுப் பேரன்

வராது. கைக்குட்டை, கைத்தடி, கைப்பை இவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். அவற்றை விரித்தால் "கையில் வைத்திருக்கும் குட்டை", "கையில் பிடிக்கும் தடி" என்று நடுவில் உருபும் ஒரு வினையும் மறைந்திருக்கும். அங்கே வல்லினம் மிகும். கைகலப்பில் அப்படி எதுவும் மறைந்திருக்கவில்லை. கை கலந்தது, அவ்வளவுதான். கை எழுவாய். எழுவாய்க்குப் பின் மிகாது. கைகூடுதலும் அப்படியே. கைகழுவுதல், கைகட்டுதல் வேறு கதை. அங்கே "கையை" என்று இரண்டாம் வேற்றுமை தொக்கிருக்கிறது, அதனாலும் மிகாது. கைப்பற்றுதல் "கையால்" என்று விரிவதால் மிகும். இதற்கும் விலக்கு உண்டு, கைதொழுதல் என்று யாராவது வந்து நிற்பார்கள். அது இப்போது வேண்டாம்.

அரைக்கிறுக்கன்

தலைவரிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்று சொல்லுங்கள்.

கறுப்புக் கோட்டு

எழுத்துப் பிழையால் பதிவு செல்லாது என்பதெல்லாம் கிடையாது. ஆனால் கணக்குப்பிள்ளை, பழைய வரியை அடித்தோ வெள்ளை பூசியோ புது வரி எழுதிவிடாதீர்கள். அதுதான் பின்னால் தொல்லை கொடுக்கும். அடுத்த கூட்டத்தில் போன கூட்டத்தின் மினிட்ஸைப் படித்து ஒப்புதல் வாங்குவீர்கள் அல்லவா, அப்போது திருத்தத்தை முன்வையுங்கள். எந்த வரிக்குப் பதில் எந்த வரி என்று அந்தக் கூட்டத்தின் பதிவில் எழுதுங்கள். சம்பந்தப்பட்ட இருவரில் யாராவது ஆட்சேபித்தால் ஆட்சேபத்தையும் அவர் சொன்ன சொற்களிலேயே கீழே சேர்த்துவிடுங்கள். அப்புறம் தலைவர் கையெழுத்து, தேதியோடு.